ஏழாவது குழியில் ஒரு பந்து

அத்தியாயம் ஐந்து

"குறைச்சலா எடுத்தவன்தான் ஜெயிச்சவனா?" சோடா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தான். "இந்தச் சட்டம் எங்க ஸ்கூல்ல இருந்திருந்தா வருஷா வருஷம் நான்தான் மேடம் முதல் ரேங்க்."

"மேல படி," என்றார் மேடம். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிளப் வந்துடும். அதுக்குள்ள கோல்ஃப்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சோடா என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த தடித்த கண்ணாடி வைத்த பெயர். அவன் வேலை பார்ப்பது மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில். மேடம் அதற்கு முன்னால் நெடுங்காலம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுபவர்களைப் பிடிப்பதுதான் அங்கே அவருக்கு உத்தியோகம். பொய்யைக் கண்டால் அவருக்குக் கோபம் வராது, பசி வரும். பெரிய பொய்யாக இருந்தால் சோடாவின் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்து காலியாகும்.

"பதினெட்டு குழி," என்று சோடா தொடர்ந்தான். "பந்தை மட்டையால அடிச்சு அடிச்சு ஒவ்வொரு குழியா உள்ள தள்ளிட்டே போகணும். எத்தனை அடி ஆச்சோ அதுதான் கணக்கு. நல்லா ஆடுறவனுக்கு இத்தனை அடி போதும்னு குழிக்குக் குழி ஒரு அளவு வச்சிருக்காங்க. அதுக்குப் பேர் பார். மூணு, நாலு, இல்லன்னா அஞ்சு. அதுல ஒரு அடி மிச்சம் பிடிச்சா பேர்டி, ரெண்டு மிச்சம் பிடிச்சா ஈகிள். சிக்கனமா இருந்தா ஆளுக்கொரு பறவை குடுக்கிறாங்க மேடம்."

"அடுத்தது."

"பந்து எங்க கிடக்குதோ அங்கேயே வச்சுதான் அடிக்கணும். கையால எடுக்கக் கூடாது, கால்ல தள்ளக் கூடாது."

"அதுலதான் நம்ம ஆள் மாட்டினார்," என்றார் மேடம்.

நம்ம ஆள் என்றது கிளப் தலைவரின் மாப்பிள்ளையை. மாமனாருக்குக் கோல்ஃப் உயிர் என்பதால், அவர் மனதில் இடம் பிடிக்க மாப்பிள்ளை இரண்டு மாதமாக இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். இப்போது சோடாவின் மடியில் கிடப்பதே அவர் வாங்கிய ஆரம்பப் பாடப் புத்தகம்தான். முந்தாநாள் மாலை புல்லுக்குள் சிக்கிக்கொண்ட பந்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் காலால் நகர்த்திவிட்டார். பார்த்தவர் மாமனார். "பந்து கிடந்த இடத்துல அடிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் பொண்ணு குடுத்தேன் பாரு" என்று கிளப்பே கேட்கும்படி அவர் கத்த, மாப்பிள்ளையும் நாக்கில் சனி உட்கார, "ஒரு நாள் உங்க தலையிலேயே அடிக்கிறேன், அது கிடந்த இடத்துலதான் இருக்கும்" என்று சொல்லித் தொலைத்தார்.

மறுநாள் காலை தலைவர் ஏழாவது குழிக்குப் பக்கத்துப் புதரில் மண்டை உடைந்து கிடந்தார். உயிர் இருந்தது, நினைவு இல்லை. மாப்பிள்ளை அந்த நேரத்தில் மைதானத்தின் மறுகோடியில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்ததாகச் சொன்னார். தனியாக இருந்ததற்கு யார் சாட்சி சொல்வார்கள்? போலீஸ் அவரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போனது.

இன்று காலை தலைவரின் மகள் அலுவலகத்துக்கு வந்தபோது அழக்கூட இல்லை. "அப்பா ஆஸ்பத்திரியில, அவர் ஸ்டேஷன்ல. நான் எந்த வாசல்ல போய் நிக்கட்டும் மேடம்? அங்க போனா இவருக்குத் துரோகம் மாதிரி இருக்கு, இங்க போனா அப்பாவுக்குத் துரோகம் மாதிரி இருக்கு" என்றாள். சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்துவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை குற்றவாளி என்றால் அவளுக்கு ஒரே நாளில் இரண்டு பேரும் போனமாதிரி. சோடாவுக்கு அப்போது ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. அது அவனுக்கே புதுசு.

கிளப் வந்தது.

கிளப்பின் கௌரவச் செயலாளர் ஓர் ஆடிட்டர். வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், இருவரையும் கூடத்துக்குள் அழைத்துப்போனார். சுவர் நிறையக் கோப்பைகள். நடுவே, சாமி படம் மாட்டவேண்டிய உயரத்தில், தேக்குப் பலகை ஒன்று. அதில் தங்க நிறத்தில் சில பெயர்கள். பலகையில் பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் இருந்தது.

"யார் இவங்க? காலமானவங்களா?" என்றான் சோடா.

ஆடிட்டர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஹோல்-இன்-ஒன் சார்! முதல் அடியிலேயே பந்து நேரா குழிக்குள்ள. ஆயுசு பூரா ஆடினாலும் எல்லாருக்கும் வாய்க்காது. இந்தப் பலகையில பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் அவர் வேற ஜாதி மனுஷன்."

"எனக்கு இருபது வருஷமா வாய்க்கல," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் பல் டாக்டர். தன் தொழிலுக்குத் தானே விளம்பரம் என்பதுபோல முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். சுவரிலிருந்த கோப்பைகளில் மூன்று அவர் வென்றவை என்பதை மேடம் கேட்காமலேயே சொன்னார். பலகையைப் பற்றி மட்டும் மேடம் கேட்டபோது சிரிப்பு கொஞ்சம் உள்ளே போனது.

"அதெல்லாம் அதிர்ஷ்டம் மேடம். திறமைக்குக் கோப்பை, அதிர்ஷ்டத்துக்குப் பலகை."

"உங்க ஹேண்டிகேப் எவ்வளவு டாக்டர்?" என்றார் மேடம். காரில் படித்த சூடு.

"இருபத்தி நாலு."

சோடாவின் முழி பிதுங்கியதைப் பார்த்து ஆடிட்டர் விளக்கினார். எல்லோரும் ஒரே திறமையில் ஆட முடியாதல்லவா? சுமாராக ஆடுபவர் மொத்தம் எத்தனை அடி எடுத்தாலும், அவருக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கையை அதிலிருந்து கழித்துவிடுவார்கள். டாக்டர் நூறு அடி எடுத்தால் எழுபத்தாறு என்று கணக்கு. நன்றாக ஆடுபவருக்குக் கழிவு குறைவு, மோசமாக ஆடுபவருக்கு அதிகம்.

"அப்போ நான் ஆடவே லாயக்கில்லாதவன்னு நிரூபிச்சுட்டு வந்தா..." என்று சோடா கணக்குப் போட்டான்.

"நிறைய கழிவு கிடைக்கும்," என்றார் மேடம். "மூணு கோப்பையும் கிடைக்கலாம். நேத்து காலையில எங்க இருந்தீங்க டாக்டர்?"

"வேற எங்க? கிளினிக்லதான்," என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "அதோட நேத்து புல்லு வெட்ட மைதானத்தை மூடியிருந்தாங்க. மெம்பர் யாருமே வந்திருக்க முடியாது."

"தலைவரும் மாப்பிள்ளையும் வந்தாங்களே."

"தலைவர் வீட்டு ஆளுங்கன்னா சும்மாவா?"

ஏழாவது குழிக்கு நடந்தே போனார்கள். பந்தை முதலில் அடிக்கும் இடம் ஒரு மேட்டில் இருந்தது. குழி இருக்கும் பச்சைத் தரை கீழே, ஒரு பள்ளத்துக்குள். மேட்டிலிருந்து பார்த்தால் குழியில் நட்ட கொடியின் நுனி மட்டும் தெரியும், அடி தெரியாது. வலப்பக்கம் ஒரு பெரிய மரமும் அதை ஒட்டிப் புதரும். அங்கேதான் தலைவர் கிடந்தார்.

புதரைப் போலீஸ் சல்லடை போட்டுச் சலித்திருந்தது. பக்கத்துக் குட்டையையும் வற்றவைத்திருந்தார்கள். கிடைத்தது தலைவரின் பந்து ஒன்றுதான். சிவப்புப் புள்ளி வைத்த அந்தப் பந்து பச்சைத் தரையின் ஓரத்தில் கிடந்ததாம். தன் பந்து எது என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொருவரும் அதில் மையால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வது வழக்கம் என்றார் ஆடிட்டர்.

"அவர் புதருக்குள்ள ஏன் போனார்?" என்றார் மேடம். "அவர் பந்துதான் வெளியே கிடந்துச்சே?"

"அவசரமா இருந்திருக்கும்," என்றான் சோடா.

மேடம் கண்டுகொள்ளவில்லை. "சோடா, பந்து காணாமப் போனா என்ன சட்டம்?"

"மூணு நிமிஷம் தேடலாம். கிடைக்கலன்னா அபராதமா ஒரு அடி சேர்த்துக்கிட்டு, முதல்ல அடிச்ச இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்கணும். கூட ஆடுறவங்களும் சேர்ந்து தேடிக் குடுக்கிறது மரியாதை." சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடினான். மூக்கு வியர்த்தது. "தலைவர் இன்னொருத்தர் பந்தைத் தேடிட்டிருந்தாரா?"

"அந்த இன்னொருத்தர் பந்து எங்க?"

"போலீஸ்தான் எல்லா இடமும் தேடிட்டாங்களே!"

"இந்த ஆட்டத்துல பந்து எங்க போய்ச் சேரணுமோ, அங்க தேடினாங்களா?"

சோடா கொடிக்கம்பைப் பிடுங்கிவிட்டு மண்டியிட்டான். குழிக்குள் கையை விட்டான். வெளியே வந்த கையில் ஒரு வெள்ளைப் பந்து. அதில் பச்சை மையில் ஒரு சின்னக் கோடு.

ஆடிட்டர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "கடவுளே! ஹோல்-இன்-ஒன்!"

"எப்படிச் சொல்றீங்க? நாலஞ்சு அடியில போட்டிருக்கலாம் இல்ல?" என்றான் சோடா.

"போட்டவனுக்குத் தெரிஞ்சிருந்தா குனிஞ்சு எடுத்திருப்பான்," என்றார் மேடம். "எடுக்கலன்னா, பந்து உள்ள போனதே அவனுக்குத் தெரியாது. மேட்டுலேர்ந்து அடிச்ச முதல் அடி மட்டும்தான் எங்க போச்சுன்னு தெரியாது. இது மரத்துல பட்டுத் தெறிச்சு இங்க உருண்டிருக்கு. அவங்க ரெண்டு பேரும் புதர்ல தேடியிருக்காங்க. ஆடிட்டர் சார், இந்தக் குழி எப்போ வெட்டினது?"

"நேத்து விடியக்காலம் மேடம். புல்லு தேயாம இருக்க அப்பப்போ குழியை இடம் மாத்துவோம். அதுக்கப்புறம் தலைவரைப் பார்த்ததும் போலீஸ் மைதானத்தையே பூட்டிட்டாங்க."

"அப்போ இந்தப் பந்துக்குச் சொந்தக்காரன்தான் தலைவரை அடிச்சவன். பச்சைக் கோடு யார் போடுவாங்க?"

ஆடிட்டர் உதட்டைப் பிதுக்கினார். "கிளப் கடையில விக்கிறது பச்சை மை ஒண்ணுதான். பாதிப் பேர் அதைத்தான் வச்சிருக்கோம். ஏன், மாப்பிள்ளைகூட அதான்."

மேடம் கொஞ்ச நேரம் பந்தை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, கோர்ட்டுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளையைக் கிளப்புக்குக் கூட்டிவரச் சொன்னார். ஆடிட்டரிடம், பச்சை மைக்காரர்கள் எல்லோரையும் வரவழைக்கச் சொன்னார். கடைசியாகச் சோடாவின் தோள்பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

மாலையில் கூடம் நிரம்பியிருந்தது. இன்ஸ்பெக்டரோடு உள்ளே வந்த மாப்பிள்ளை மனைவியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமா எப்படி இருக்கார்?" என்பதுதான். அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை.

மேடம் பந்தை உயர்த்திக் காட்டி, அது கிடைத்த விவரத்தைச் சொன்னார். கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. பிறகு மேடம் திரும்பி, "இது மாப்பிள்ளையோட பந்து" என்றார்.

சோடா மேடத்தின் முழங்கையை இழுத்தான். காசு கொடுப்பது மாப்பிள்ளையின் மனைவி. அறுப்பது மாப்பிள்ளையின் கழுத்தையா? மகள் எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், உங்களை நம்பித்தானே வந்தேன்!" என்றாள்.

"நான் இல்லீங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். "நான் அடிச்சா பந்து தரையை விட்டே எழும்பாது. கேட்டுப் பாருங்க!"

"அதுக்குப் பேர்தான் ஆரம்பக்காரன் அதிர்ஷ்டம்," என்றார் மேடம். "தலைவரும் நீங்களும் ஆடியிருக்கீங்க. ஒரே அடியில குழிக்குள்ள போட்டிருக்கீங்க. இன்ஸ்பெக்டர் சார், உங்க ஆளை நீங்க கூட்டிட்டுப் போகலாம். ஆடிட்டர் சார், நீங்க பெயின்டரைக் கூப்பிடலாம்."

"பெயின்டரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பலகையில பேர் எழுத."

அவ்வளவுதான். தலைவரின் மண்டையை மறந்து கூடம் இரண்டாகப் பிரிந்தது. கொலை முயற்சி செய்தவன் பெயரைப் பலகையில் எழுதலாமா என்றார் ஒருவர். விதிப் புத்தகத்தில் பந்தைப் பற்றித்தான் இருக்கிறதே தவிர ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றார் இன்னொருவர். கூட ஆடியவர் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னால்தானே பெயர் ஏறும் என்று மூன்றாமவர் இழுத்தார். தலைவர்தான் சாட்சி, அவர் கண் விழித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஆடிட்டர் தீர்ப்புச் சொன்னார். மனிதர் நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "ஜெயிலுக்குப் போனாலும் நீங்க எங்க கிளப்போட பெருமை தம்பி. இனிஷியல் எப்படிப் போடணும்?" என்று கேட்டார்.

"இவனுக்கா?"

பல் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவன் பேரு அந்தப் பலகையிலயா? இருபது வருஷம்! இருபது வருஷமா மழையிலயும் வெயில்லயும் நான் ஆடியிருக்கேன்!"

"என்ன பண்றது டாக்டர்," என்றார் மேடம் இரக்கமாக. "பந்து அவரோடதா போச்சே."

"யார் சொன்னது? கோட்டைப் பாருங்க, இடதுபக்கம் சாய்ஞ்சிருக்கும். நான் இடது கைக்காரன். அது நான் போட்ட கோடு! அது என் பந்து!"

டாக்டரின் வாய் திறந்தபடியே இருந்தது. அவரிடம் வைத்தியத்துக்குப் போன பலரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "நேத்து கிளினிக்ல இருந்ததா சொன்னீங்களே?"

டாக்டர் பலகையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் எல்லாம் தானாக வந்தது. மூன்று கோப்பை வாங்கியவனுக்கு இருபத்து நான்கு கழிவா என்று தலைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். யாரும் இல்லாத காலையில் என் கண் முன்னால் ஆடிக் காட்டு என்று வரச்சொல்லியிருக்கிறார். டாக்டரும் வந்து, ஒவ்வொரு குழியிலும் கவனமாக மோசமாக ஆடினார். ஏழாவதில் வேண்டுமென்றே மரத்தைக் குறிபார்த்து அடித்தார். பந்து காணாமல் போனது.

"புதர்ல தேடும்போது அவர் சிரிச்சார்," என்றார் டாக்டர். "'இவ்வளவு சுத்தமா மோசமா அடிக்கணும்னா நீ பெரிய ஆட்டக்காரனா இருக்கணும்டா. நாளைக்கே கமிட்டியில சொல்லி மூணு கோப்பையையும் புடுங்கறேன்'னார். கையில மட்டை இருந்துச்சு. நான் யோசிக்கல."

மேடம் சொன்னது அவர் காதில் இன்னும் சரியாக இறங்கவில்லை போலும். "வேணும்னே தப்பா அடிச்சேன்," என்று தனக்குத்தானே சொன்னார். "அதுவா போய் உள்ள விழுந்திருக்கு?"

சோடா மேடத்தின் காதருகே குனிந்தான். "இவர்தான்னு உங்களுக்கு எப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா இவ்வளவு நாடகம் எதுக்கு? ஹேண்டிகேப் கொஞ்சம் உறுத்துச்சு, அவ்வளவுதான். திருடனைத் திருடாதேன்னா கேக்க மாட்டான். அவன் திருடினதை இன்னொருத்தனோட கெட்டிக்காரத்தனம்னு சொல்லிப் பாரு, சண்டைக்கு வருவான்."

"வராம இருந்திருந்தா?"

"அந்தப் பொண்ணு முகத்துல நான் முழிச்சிருக்க முடியாது," என்றார் மேடம். காலி டப்பாவை அவனிடம் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு டாக்டரின் தோளில் கையை வைத்தார். மகள் கணவனின் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு, இரண்டு நாளாக அடக்கிவைத்த அழுகை முழுவதையும் அங்கேயே அழுது தீர்த்தாள். பெரிய மனிதர்கள் நிறைந்த கூடம் என்ற வெட்கம் அவளுக்கு இல்லை. அந்த அழுகைக்கு நடுவில்தான் அவளது போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கண்ணு முழிச்சுட்டார்! பேசறாராம்! என்னைக் கேட்டாராம், இவரையும் கேட்டாராம்!"

வாசல்வரை போய்விட்ட டாக்டர் இன்ஸ்பெக்டரின் பிடியை உதறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். கையைக் கூப்பினார்.

"நல்ல செய்திம்மா, ரொம்ப நல்ல செய்தி. அவர் ஒருத்தர்தாம்மா எனக்குச் சாட்சி. என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லட்டும், நான் உள்ள போறேன். அந்த ஏழாவது குழி, நான் அடிச்ச அந்த ஒரு அடி, அதை அவர் பார்த்தாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"நேத்து காலையில நடந்தது எதுவுமே அப்பாவுக்கு ஞாபகம் இல்லையாம் டாக்டர். இனிமேலும் வராதுன்னு சொல்லிட்டாங்க. மண்டையில விழுந்த அடி அப்படி."

தலைவரை அடித்ததற்காகப் பல் டாக்டர் மனமார வருந்தியது அந்த நிமிடத்தில்தான்.